ஒளி படாத உணவு: குறைமாதக் குழந்தைகளும் ஒட்சியெதிரிகளும்

ஸ்ரௌவ்வில், மார்க்கம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மார்க்கம் ஸ்ரௌவ்வில் மருத்துவமனை நன்கு பழக்கமான இடம். 1990இல் திறக்கப்பட்ட இம்மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவும் உண்டு. ஆயினும் ஒரு குழந்தை இருபத்தாறு, இருபத்தேழு வாரங்களிலேயே பிறந்துவிடும் நிலை வந்தால், தாயை அல்லது சேயை ரொறன்ரோவிலுள்ள மவுண்ட் சைனாய், சனிபுறூக், நோயுற்ற சிறுவர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றுக்கு அனுப்பிவிடுவார்கள். கனடாவில் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகள் முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகின்றன. இவர்களுள் மிகச் சிறியவர்களின் எடை ஒரு கிலோகிராமையும் எட்டுவதில்லை.

இத்தனை சிறிய குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் தெரியாது. குடலும் பாலை ஏற்கும் பக்குவத்தை அடைந்திருக்காது. எனவே முதல் நாட்களில், சிலருக்குப் பல வாரங்கள்வரை, உணவு முழுவதும் ஒரு மெல்லிய குழாய் வழியே நேரே இரத்த நாளத்துக்குள் செல்கிறது. இதனை நாளவழி ஊட்டம் என்று சொல்லலாம். குழந்தையைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் சில இடங்களில் ஒரு புதினத்தைக் கவனித்திருப்பார்கள். உணவுப் பையின்மேல் கடும் நிறத்தில் ஓர் உறை போர்த்தியிருக்கும். குழாய்கூட மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். குழந்தையின் உணவை ஏன் வெளிச்சத்திலிருந்து மறைக்கிறார்கள்? அதற்கான விடையில் அரை நூற்றாண்டு மருத்துவ வரலாறு அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றில் நமது கனடாவுக்கு, குறிப்பாக ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும், கணிசமான பங்குண்டு.

பைக்குள் ஓர் உலகம்

வாயால் எதையும் உண்ணாமல் ஒரு மனித உயிர் வளர முடியும் என்பதை 1960களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் ஸ்ரான்லி டட்றிக்கும் அவரது குழுவினரும் காட்டினார்கள். முதலில் நாய்க்குட்டிகளை இவ்வாறு வளர்த்தார்கள். பின்னர் குடல் சரிவர உருவாகாமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இம்முறையில் ஊட்டமளித்தார்கள். அதே காலத்தில் சுவீடனில் ஆர்விட் ரெட்லின்ட் என்பவர் சோயா எண்ணெயைப் பால்போல் நுண்துளிகளாக்கி நாளத்தில் செலுத்தும் முறையைக் கண்டிருந்தார்.

ரொறன்ரோவில் இத்துறையை வளர்த்தவர் மருத்துவர் குர்ஷீத் ஜீஜீபோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 1970இல் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் குடலை இழந்து உயிருக்குப் போராடிய ஜூடி டெய்லர் என்ற பெண்மணிக்கு நாளவழி ஊட்டம் கொடுத்ததோடு, அவர் அதனை வீட்டிலேயே தாமாகச் செலுத்திக்கொள்ளவும் வழிசெய்தார். அப்பெண்மணி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 1977இல் ஜீஜீபோயின் குழுவினர் இன்னொன்றையும் அறிவித்தார்கள். ஆண்டுக்கணக்கில் நாளவழி ஊட்டத்தில் வாழ்ந்த ஒருவருக்கு நரம்புக் கோளாறும் நீரிழிவு போன்ற நிலையும் ஏற்பட்டன. பையில் குரோமியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு சேர்த்ததும் அவை நீங்கின. குரோமியம் மனிதனுக்கு வேண்டும் என்பதற்கு அதுவே முதற் சான்றுகளில் ஒன்றாயிற்று.

இதிலிருந்து கிடைத்த பாடம் முக்கியமானது. நாம் உண்ணும் சோற்றிலும் மீனிலும் கீரையிலும் நமக்கே தெரியாமல் எத்தனையோ பொருட்கள் வந்து சேருகின்றன. பையிலோ மனிதர் அறிந்து சேர்த்தவை மட்டுமே இருக்கும். எதை மறந்தோம் என்பதை நோயாளியின் உடல்தான் பின்னர் சொல்லும். வளர்ந்தவர் உடலில் சேமிப்பு இருப்பதால் அது சொல்ல ஆண்டுகள் ஆகலாம். ஒரு கிலோகிராம் எடையுள்ள குழந்தையிடம் அந்தச் சேமிப்பு இல்லை.

உயிர் தரும் ஒட்சிசன், உயிரைத் தின்னும் ஒட்சிசன்

இரும்பு துருப்பிடிப்பதும் பழைய நல்லெண்ணெய் காறுவதும் ஒட்சிசனின் வேலைதான். நம் உடலுக்குள்ளும் மூச்சின் துணைவிளைவாக, ஒட்சிசனிலிருந்து பிறக்கும் மூர்க்கமான சில மூலக்கூறுகள் உருவாகின்றன. கலங்களைச் சூழ்ந்துள்ள கொழுப்புச் சவ்வையும் புரதங்களையும் மரபணுவையும் அவை தாக்குகின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்தும் பொருட்களையே ஒட்சியெதிரிகள் என்கிறோம். விற்றமின் ஈ, விற்றமின் சீ, செலனியத்தைத் தாங்கிய நொதிகள், குளுற்றாதையோன் என்னும் சிறு புரதத்துண்டு ஆகியவை இப்படையின் முக்கிய வீரர்கள். விற்றமின் ஏ இப்படையில் நேரடியாக நிற்பதிலும், காயப்பட்ட நுரையீரலின் உட்படலத்தைத் திரும்பக் கட்டுவதிலேயே அதிகம் பயன்படுகிறது.

கருவறை ஒட்சிசன் குறைந்த இடம். பிறந்து முதல் மூச்சை எடுத்ததும் குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசனின் அழுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. நிறைமாதக் குழந்தை இந்தத் தாக்குதலுக்குத் தயாராகவே வருகிறது. நுரையீரலின் ஒட்சியெதிரி நொதிகள் கர்ப்பத்தின் கடைசிப் பகுதியிலேயே பெருகுகின்றன என்பதை விலங்குகளில் நடத்திய ஆய்வுகள் காட்டின. குறைமாதக் குழந்தை கவசம் அணியுமுன் போர்க்களத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேலதிகமாக, மூச்சுவிட உதவும் இயந்திரம் கூடுதல் ஒட்சிசனையும் தருகிறது.

இதன் கொடுமையை உலகம் 1940களில் கண்டது. அக்காலத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஒட்சிசன் கொடுத்தார்கள். உயிர் பிழைத்த பலர் பார்வையை இழந்தார்கள். 1951இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் கேற் காம்பெல் என்ற பெண் மருத்துவர் ஒட்சிசனே காரணமாக இருக்கலாம் என்று சுட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்.

கடைசி மூன்று மாதச் சீதனம்

தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் சேமிப்பின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே கைமாறுகிறது. விற்றமின் ஈ கொழுப்பில் கரைவது. கொழுப்பே இல்லாத குழந்தையிடம் அது தங்குவதற்கு இடமில்லை. நிறைமாதக் குழந்தையின் உடல் முழுவதிலும் ஏறக்குறைய 20 மில்லிகிராம் விற்றமின் ஈ இருக்கும். ஒரு கிலோகிராம் எடையில் பிறந்த குழந்தையிடம் இருப்பது சுமார் 3 மில்லிகிராம் மட்டுமே. இவ்விற்றமினின் அறிவியற் பெயரான தொக்கோபெரோல், பிள்ளைப்பேற்றையும் தாங்குதலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. இது கிடைக்காத எலிகளின் கரு தங்குவதில்லை என்பதை 1922இல் ஹேர்பேட் எவன்சும் கதரின் பிஷப்பும் கண்டதால் வந்த பெயர் அது. பிள்ளையைத் தாங்குவதற்கென்று பெயர் பெற்ற பொருள், முந்திப் பிறந்த பிள்ளையிடமே மிகக் குறைவாக இருக்கிறது.

செலனியமும் அப்படியே கடைசி வாரங்களில் சேர்வது. பையில் தனியாகச் சேர்க்காவிட்டால் குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு வாரத்துக்கு வாரம் இறங்கும். மண்ணிலேயே செலனியம் குறைந்த நியூசிலாந்தில், 1500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2000இல் வெளியாயிற்று. செலனியம் கொடுத்த குழந்தைகளுக்கு இரத்தத்தில் கிருமித்தொற்று குறைந்தது. ஆனால் நுரையீரல் நோயும் இறப்பும் குறையவில்லை.

குளுற்றாதையோனின் கதை சற்றுச் சிக்கலானது. அதனை உடல் தானே செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சிசுற்றீன் என்னும் அமினோ அமிலம் தேவை. சிசுற்றீன் கரைசலில் நிலையாக நிற்பதில்லை. ஆகவே பல கரைசல்களில் அது மிகக் குறைவாகவே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வளர்ந்தவர்களின் ஈரல் மெதியோனீன் என்ற இன்னொன்றிலிருந்து அதனைத் தயாரித்துக்கொள்ளும். மிகச் சிறிய குழந்தையால் அது எவ்வளவுக்கு முடியும்? இந்தக் கேள்வியை ரொறன்ரோவின் நோயுற்ற சிறுவர் மருத்துவமனையில் போல் பென்சார்ஸ் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். போதிய மெதியோனீன் பெற்ற, சத்திரசிகிச்சைக்குள்ளான குழந்தைகளுக்குச் சிசுற்றீனை மேலதிகமாகக் கொடுத்தும் செங்குருதிக் கலங்களில் குளுற்றாதையோன் உற்பத்தி கூடவில்லை என்று 2010இல் அவர்கள் அறிவித்தார்கள்.

குறைந்திருப்பதைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்ற எளிய கணக்கு இங்கே பலிப்பதில்லை.

அளவுக்கு மிஞ்சினால்

இந்தக் கணக்கு மிகக் கொடூரமாகப் பிழைத்தது அமெரிக்காவில். விற்றமின் ஈ கண்பார்வையைக் காக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது பரவியிருந்தது. 1983 பிற்பகுதியில் ஈ-பெரோல் என்ற பெயரில், நாளத்தில் ஏற்றக்கூடிய விற்றமின் ஈ மருந்தொன்று விற்பனைக்கு வந்தது. முறையான பரிசோதனையோ அரச அனுமதியோ இல்லாமல் வந்த மருந்து அது. கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்தன, வயிற்றில் நீர் கோத்தது, இரத்தத் தட்டுக்கள் குறைந்தன. 1984 ஏப்ரலில் மருந்தைத் திரும்பப் பெறுமுன் 38 குழந்தைகளின் இறப்பு அதனோடு தொடர்புபடுத்தப்பட்டது. எண்ணெய்த்தன்மையான விற்றமினை நீரில் கலக்கச் சேர்த்த பொலிசோர்பேற் என்ற பொருள்மீதே பெரும் ஐயம் விழுந்தது.

நஞ்சு விற்றமினில் இல்லாமல் அதனைக் கரைத்த பொருளில் இருந்திருக்கலாம். ஆனால் விற்றமின் ஈயும் மிகுந்தால் தீங்கானதே. பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, கூடுதல் விற்றமின் ஈ பெற்ற குழந்தைகளுக்கு மூளையில் இரத்தக்கசிவு குறைந்தாலும் கிருமித்தொற்று கூடியதைக் காட்டியது. கிருமிகளைக் கொல்ல நமது வெள்ளணுக்களும் அதே மூர்க்கமான ஒட்சிசன் மூலக்கூறுகளைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. அந்த ஆயுதத்தை அளவுக்கு மீறி மழுங்கடித்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். ஆகவே 100 மில்லிலீற்றர் இரத்தத் திரவத்தில் விற்றமின் ஈ 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 3.5 மில்லிகிராமை எட்டாமலும் இருக்கவேண்டும் என்ற எல்லையை மருத்துவர்கள் மனதிற் கொள்கிறார்கள். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று நம்மவர் சும்மா சொல்லவில்லை.

வெளிச்சம் செய்யும் வேலை

இனி உறை போர்த்திய பைக்கு வருவோம். பையில் சேர்க்கும் விற்றமின் கலவைக்கு மஞ்சள் நிறத்தைத் தருவது ரைபோபிளேவின் எனப்படும் விற்றமின் பீ2. மஞ்சளாகத் தெரியும் பொருள் நீல ஒளியை உள்வாங்குகிறது. அவ்வாறு ஒளியை விழுங்கிய ரைபோபிளேவின், அதே கலவையிலுள்ள விற்றமின் சீயிடமிருந்து இலத்திரன்களை வாங்கிக் கரைசலில் கரைந்துள்ள ஒட்சிசனிடம் கொடுத்துவிடுகிறது. விளைவு, ஐதரசன் பெரொட்சைட்டு. காயத்தைக் கழுவவும் தலைமயிரை வெளுக்கவும் பயன்படுவதும் அதுதான். செறிவு மிகமிகக் குறைவென்றாலும் பொருள் ஒன்றே. குழந்தையைக் காக்க அனுப்பிய விற்றமின் சீ வழியிலேயே எதிரிக்கு ஆயுதம் செய்து கொடுத்துவிடுகிறது.

இதனைத் தெளிவாக்கியவர்கள் மொன்றியலில் சென்ற் ஜஸ்ரின் மருத்துவமனையைச் சேர்ந்த பிலிப் செசெக்சும் ஜான் குளோட் லவுவாவும். பையில் உருவாகும் பெரொட்சைட்டுக்களுக்கு விற்றமின் கலவையே முதன்மைக் காரணம் என்று அவர்களது குழு 1997இல் அறிவித்தது. மஞ்சட்காமாலைக்காகக் குழந்தையின்மேல் நீல விளக்கு எரியும்போது நிலைமை இன்னும் மோசமாகும். பிலிரூபினைச் சிதைக்கும் அதே நீல ஒளிதான் ரைபோபிளேவினையும் தூண்டுகிறது.

விற்றமின் ஏக்கு வேறொரு ஆபத்து. அது ஒளியில் அழிவதோடு, பிளாஸ்ரிக் பையிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. இவ்வாறு சேர்த்ததில் பாதிக்கு மேற்பட்ட பகுதி குழந்தையைச் சென்றடையாமலே போய்விடலாம் என்பது 1980களிலேயே தெரியவந்தது. வெள்ளைக் கொழுப்புக் கரைசலோடு கலந்து கொடுத்தால் இழப்புக் குறைகிறது. குழாயை நம்பாமல் தசையில் ஊசியாகப் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1999இல் வெளிவந்தது. 807 குழந்தைகள் பங்குபெற்ற அதில், இறப்பு அல்லது நாட்பட்ட நுரையீரல் நோய் 62 வீதத்திலிருந்து 55 வீதமாகக் குறைந்தது. பெரிய அற்புதமில்லை, ஆனால் உண்மையான பயன். விலை, ஒரு மாத காலம் வாரத்துக்கு மூன்று ஊசி, ஒரு கைப்பிடியளவு குழந்தைக்கு.

ஒளியை மறைத்தால் உயிர் தப்புமா? செசெக்சும் லவுவாவும் பிரெஞ்சு ஆய்வாளரோடு சேர்ந்து நான்கு ஆய்வுகளின் 800 குறைமாதக் குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, ஒளிபடாத ஊட்டம் பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. இதை நிதானமாகவே ஏற்கவேண்டும். நான்கில் பெரியதான பிரெஞ்சு ஆய்வு தனித்து நோக்கும்போது நுரையீரல் நோய் குறைந்ததாகக் காட்டவில்லை. எனினும் உறை போடுவதால் குழந்தைக்கு எந்தத் தீங்குமில்லை, செலவும் சொற்பம். ஆகவே 2019இல் ஐரோப்பிய மருந்து முகாமை, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நாளவழி ஊட்டத்தைப் பையிலும் குழாயிலும் ஒளியிலிருந்து காக்குமாறு பரிந்துரைத்தது. அமெரிக்க நாளவழி, குடல்வழி ஊட்டச் சங்கமும் பின்னர் அதே வழியில் பரிந்துரைத்தது. கலவை தயாராகும் வேளையிலிருந்து நாளத்துள் இறங்கும்வரை முழுப் பாதையையும் மறைத்தால்தான் பயன். பையை மூடிவிட்டுக் குழாயை வெளிச்சத்தில் விட்டால் அரைகுறை வேலைதான்.

இரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

ஒட்சியெதிரி அளவைப் பார்த்துச் சரிசெய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். விற்றமின் ஈ இரத்தத்தில் கொழுப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. கொழுப்புக் கரைசல் ஏறும் நேரத்தில் இரத்தம் எடுத்தால் அளவு உயர்ந்து தெரியும். திசுக்களில் அது சேர்ந்துவிட்டதென்று அதற்குப் பொருளில்லை. எனவே கொழுப்பின் அளவோடு ஒப்பிட்டே அதைப் பார்க்கவேண்டும். விற்றமின் ஏயின் அளவோ கிருமித்தொற்று வந்தாலே தாழ்ந்துவிடும். சேமிப்பு உண்மையில் குறையாதபோதும் குறைந்ததுபோல் காட்டும். இன்னுமொரு தடை உண்டு. 800 கிராம் குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஒரு சிறிய தேநீர்க் கிண்ணத்தை நிரப்பாது. ஒவ்வொரு பரிசோதனையும் அதிலிருந்துதான் போகிறது.

கொழுப்புக் கரைசல்களும் மாறியிருக்கின்றன. பழைய சோயா எண்ணெய்க் கரைசலில், உடல் விரும்பிச் சேர்க்கும் வகையான விற்றமின் ஈ குறைவு. மீனெண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் கலந்த புதிய கரைசலில் லீற்றருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. பழையதைப்போல் ஐந்து மடங்களவு. நீண்ட நாள் நாளவழி ஊட்டத்தில் இருக்கும் குழந்தைகளின் ஈரலை இக்கரைசல் காக்குமா என்று பார்த்த, நோயுற்ற சிறுவர் மருத்துவமனையினர் முன்னின்று நடத்திய சிறிய ஆய்வொன்று 2017இல் நம்பிக்கையூட்டும் முடிவைத் தந்தது.

தாய்ப்பாலின் இடம்

மருத்துவர்களின் நோக்கம் பையை இன்னும் செழுமையாக்குவது மட்டுமன்று, பையிலிருந்து குழந்தையை விரைவில் விடுவிப்பதும்தான். அதனால்தான் முதல் நாட்களிலேயே சில துளி தாய்ப்பாலை மெல்லிய குழாய் வழியே இரைப்பைக்குள் விடுகிறார்கள். முதற்பாலில் விற்றமின் ஈயும் ஏயும் பின்னர் வரும் பாலைவிட அதிகம். சீம்பாலைக் கறந்து கொட்டும் வழக்கம் நம் ஊர்களில் முன்னர் பரவலாக இருந்தது. அந்த மஞ்சள் பாலில் உள்ளதைத்தான் பெரும் செலவில் பையில் சேர்க்கப் பாடுபடுகிறார்கள்.

தாய்க்குப் பால் சுரக்கப் பிந்தினால் பிறிதொரு தாயின் பாலும் உதவும். ரொறன்ரோவில் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் 2013இல் தொடங்கிய ஒன்ராறியோ தாய்ப்பால் வங்கி, பிற தாய்மார் வழங்கும் பாலைச் சோதித்து, சூடாக்கிக் கிருமிநீக்கி, மிகச் சிறிய குழந்தைகளுக்கு அனுப்புகிறது. ரொறன்ரோப் பகுதியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, பால்மாவுக்குப் பதில் இப்பாலைப் பெற்ற குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் குறைந்ததைக் காட்டியது. பின்னாளில் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது.

குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்கு மருத்துவமனையில் பெரும்பாலும் கைகட்டி நிற்கும் உணர்வுதான் மிஞ்சும். ஆனால் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. பையும் குழாயும் ஒளிபடாமல் மூடப்பட்டிருக்கின்றனவா? கொழுப்புக் கரைசல் எந்த வகை? செலனியம் சேர்க்கிறீர்களா? பால் எப்போது தொடங்கலாம், வங்கிப் பால் கிடைக்குமா? ஆங்கிலம் தடுமாறுமாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இக்கேள்விகளுக்கு மருத்துவரோ தாதியோ முகஞ்சுளிக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. அதேவேளை, கடையில் விற்கும் விற்றமின் குளிசைகளை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரவேண்டாம். 1984இல் அந்த 38 குழந்தைகளுக்கும் மருந்து ஏற்றியவர்களும் நன்மை செய்வதாகவே எண்ணினார்கள்.